பின்வரிசைக்குப் போன யோகமலர்

ஸ்காபரோவில் இருக்கிற தமிழ்ச்சனம் முழுக்க ஜப்பான் கார்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை செய்துகொண்டிருந்த காலத்தில், தில்லையம்பலம் என்கிற ஒரு மனிதர் மட்டும் அமெரிக்காக்காரன் செய்த பழைய வாகனத்தைத் தவிர வேறெதிலும் ஏறமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவருடைய வீட்டு முன்றலில் நீளமான ஓல்ட்ஸ்மொபைல் ஒன்று நின்றது, அதற்குப் பக்கத்தில் கடைசி இருக்கை பின்பக்கம் பார்த்தபடி இருக்கும் பியூக் வாகனம் ஒன்று நின்றது, இரண்டுக்கும் முன்னால், வீட்டுக்கு வருகிறவர்களின் கண்ணில் முதலில் படவேண்டும் என்பதற்காகவே, இரண்டு பக்கமும் மரப்பலகை அடித்ததுபோலத் தோற்றம் காட்டும் ஒரு பிளிமத் மினி வான் நின்றது. உள்ளே சிவந்த வெல்வெட் இருக்கைகள். ஏழு பேர் இருக்கலாம்.

இந்தப் பைத்தியம் அவருக்கு எங்கே பிடித்தது என்பதை ஊரறியும், ஏனென்றால் அவர் சொல்லாத ஆள் இல்லை. நாட்டுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார், பஸ் ஓடாத அளவுக்குப் பனி கொட்டிய ஒரு நாள் கடை முதலாளி அவரைத் தன் பெரிய காரில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் இறக்கிவிட்டார், அந்தக் காரின் முன்னிருக்கை ஒரு கட்டில் அகலத்துக்கு இருந்தது, கால்மாட்டில் வெக்கை வந்தது. எத்தனையோ எல்லைகளில் எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லி வந்து சேர்ந்த மனிதனை ஒரு கேள்வியும் கேட்காமல் தாங்கிக்கொண்ட முதல் பொருள் அந்த இருக்கைதான். அவர் அதில் நித்திரையாகிப் போனார். அப்படி ஒரு நித்திரை பிறகு வீட்டில்கூட வரவில்லை என்பார், அதைப் பக்கத்தில் யோகமலர் நிற்கும்போதே சொல்வார்.

யோகமலர் அவருடைய மனைவி. கேக் செய்கிற தொழிற்சாலையில் வேலை. பனிக்காலத்தில் நகரசபை பனி உருகத் தெருவுக்கு உப்புப் போடும், உப்புப் பட்டால் வாகனத்தின் உடம்பு அரித்துப்போகும், ஆகவே மார்கழி பிறந்தால் பங்குனி முடியும்வரை மூன்று வாகனமும் போர்வை மூடிப் படுத்திருக்கும், யோகமலர் பஸ் தரிப்பில் நின்று வேலைக்குப் போவாள். அவளுடைய உடம்பை உப்போ பனியோ என்ன செய்யும் என்று யாரும் கதைத்ததில்லை. கார் ஓடப் பழகவேண்டும் என்று இரண்டொரு தடவை கேட்டுப்பார்த்தாள். உந்தக் கைக்கு இந்தக் கியர் சரிவராது என்றுவிட்டார். மகள் ஆரணி கல்கரியில் வேலை கிடைத்ததும் அங்கே போய், போன கையோடு ஒரு சின்னக் காரை வாங்கி ஓடப் பழகிக்கொண்டாள், அதன் படத்தை அனுப்பினாள். தில்லையம்பலம் படத்தைப் பார்த்துவிட்டு அது ஒரு தகரப்பேணி என்றார்.

நடந்தது ஒரு வைகாசி ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு மண்டபத்தில் ஊராளொருவரின் கலியாணம், ஊர்ச்சங்கத் தலைவர் பஞ்சலிங்கம் ஏற்பாடு செய்திருந்த பஸ் வராமல் போய்விட்டது, பட்டுச்சேலைகளும் வேட்டிகளுமாகச் சனம் தெருவில் நின்றது. தில்லையம்பலம் வானைக் கொண்டுபோய் நிறுத்தினார். முன்னிருக்கையில் பஞ்சலிங்கம் ஏறினார், ஆண்பிள்ளை ஒருவர் நிற்கும்போது பெண்பிள்ளை முன்னுக்கு இருப்பது அந்த வீட்டு வழக்கமில்லை. இரண்டாவது வரிசையில் இருந்த யோகமலர், ஊர்க்காரி திலகவதி அக்கா தன் பிள்ளைகளுடன் ஏறியதும் எழும்பி இடம் விட்டாள், ஏனென்றால் வாகனக்காரரின் மனைவி வீட்டுக்காரி, வந்தவர்கள் விருந்தாளிகள், விருந்தாளி நிற்க வீட்டுக்காரி இருக்கலாமா. "நீங்கள் இருங்கோ, நான் பின்னுக்குப் போறன்" என்றாள். மூன்றாவது வரிசைக்கும் ஆட்கள் வந்தார்கள். மறுபடியும் அதையே சொல்லி எழும்பினாள், பின்னால் நான்காவது வரிசை இருந்தது, அதே சிவந்த வெல்வெட், அதே பெல்ட், அதே சாம்பல்தட்டு, யோகமலர் அதில் போய் இருந்தாள்.

ஒருவரும் ஆவென்று பார்க்கவில்லை. பஞ்சலிங்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அமெரிக்காக்காரன் எதையும் தாராளமாகத்தான் செய்வான் என்று சொன்னார், தெருவில் மிச்சம் நின்றவர்கள் அதைக் கேட்டு வரிசையாக ஏறினார்கள், நான்காவது நிரம்ப ஐந்தாவது வந்தது, ஐந்தாவது நிரம்ப ஆறாவது வந்தது, நாதஸ்வரக்காரர் ஏறினார், தவில்காரர் ஏறினார், ஐயர் ஏறினார், பலகாரப் பெட்டிகள் ஏறின, மாப்பிள்ளையின் அத்தைமார் ஏறினார்கள், ஒவ்வொரு தடவையும் யோகமலர் எழும்பி ஒரு வரிசை பின்னுக்குப் போனாள். தில்லையம்பலம் கண்ணாடியில் பார்த்தார். இத்தனை வருடமாகப் பெற்றோல் குடிக்கிற பிசாசு என்று தன் வாகனத்தைப் பகிடி பண்ணிய வாய்களெல்லாம் அதற்குள் இருந்து பாக்குப் போட்டுக்கொண்டிருந்தன. மனிதருக்கு நெஞ்சு நிறைந்துபோய்விட்டது, கண்ணும் கலங்கியது. வழியில் ஒரு பொலிஸ்காரன் மறித்து உள்ளே எட்டிப் பார்த்தான், கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லாரும் பெல்ட் போட்டிருந்தார்கள், போகச் சொல்லிவிட்டான்.

மண்டபத்தில் சனம் இறங்கியது. யோகமலர் எல்லாருக்கும் பின்னால் நின்று, நீங்கள் இறங்குங்கோ, நீங்கள் இறங்குங்கோ என்று ஒவ்வொருவராக முன்னுக்கு விட்டாள். கடைசி விருந்தாளியின் கால் நிலத்தில் பட்டதும், அவள் இறங்குமுன்னரே, வரிசைகள் மடங்கி மூன்றாகிவிட்டன. கலியாணவீட்டுச் சந்தடியில் அவளைத் தேட ஆளில்லை. பெண்டுகளோடு நிற்கிறாள் என்று தில்லையம்பலம் நினைத்தார், திலகவதியோடு வருவாள் என்று நினைத்து வீட்டுக்கு வந்தார், பின்னேரத் தேத்தண்ணி வராதபோதுதான் அவருக்கு உறைத்தது. வெளியே ஓடிவந்து வானின் பக்கக் கதவை இழுத்துத் திறந்தார். வெறும் மூன்று வரிசை. பின்கதவைத் தூக்கினார். சில்லு மாற்றுகிற ஜக்கும் மெழுகுப் பேணியும் துடைக்கிற துணியும் கிடந்தன. யோகம் என்று கூப்பிட்டார். மூன்றாவது வரிசைக்கு அப்பால், பின்கதவுக்கு இப்பால், ஓர் இடமும் இல்லாத அந்த இடத்திலிருந்து மெல்லிய செருமல் ஒன்று கேட்டது. அவருக்கு அந்தத் தொண்டையைத் தெரியும். அவர் பயந்துபோனார், நிலத்தில் குந்திக்கொண்டு சின்னப்பிள்ளைபோல அழுதார்.

சங்கம் கூடியது. யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை, இனி என்ன செய்வது என்றுதான் கதைத்தார்கள், அந்த விசயத்தில் நம்முடைய சனம் கெட்டிக்காரர்கள். ஆட்கள் ஏறினால்தான் வரிசை நீளுது, வரிசை நீண்டால்தான் யோகமலர் இருக்கிற இடம் வரும், ஆகவே ஆட்களை ஏற்றவேண்டும் என்று பஞ்சலிங்கம் தீர்ப்புச் சொன்னார். எல்லாரும் உதவிக்கு வந்தார்கள். உங்களுடைய மனுசிக்காகத்தான் அண்ணை என்று சொல்லிச் சொல்லி ஏறினார்கள், ஏறுகிறபோது பெரியபிள்ளையானவளின் சாமத்தியவீட்டுக்குக் கொண்டுபோகிற தட்டங்களோடு ஏறினார்கள், விமான நிலையத்துக்குப் போகிற பெட்டிகளோடு ஏறினார்கள், கோயில் தேருக்கு, பிறந்தநாளுக்கு, செத்தவீட்டுக்கு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, நயாகராவுக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போக என்று ஏறினார்கள். ஏறியவர்கள் பின்னுக்குப் பின்னுக்குப் போய் யோகமலர் இருக்கிற வரிசையை எட்டியதும், அவள் வழக்கப்படி எழும்பி, நீங்கள் இருங்கோ என்று இடம் விட்டு இன்னும் ஒரு வரிசை தள்ளிப் போனாள். அவர்களும் இருந்தார்கள். ஒருவராவது, இல்லைத் தங்கச்சி, நீ வா, என்னோடு இறங்கு என்று கையைப் பிடித்தார்களா என்றால் இல்லை.

கோடைகாலம் முழுக்க வான் ஓடியது. அதற்குள்ளே ஒரு ஊரே உண்டாகிவிட்டது. சமையல்காரர்களுக்கு ஒரு வரிசை, சீட்டாடுகிறவர்களுக்கு ஒரு வரிசை, பாட்டு வகுப்புக்கு ஒரு வரிசை. இடத்துக்குப் பஞ்சமே இல்லாத அந்த வாகனத்திலும் முன்வரிசைகளுக்கு அடிபாடு நடந்தது, புதிதாக ஏறுகிறவரிடம் நீங்கள் ஊரில் எந்தப் பக்கம் என்று இனிமையாக விசாரித்துவிட்டுத்தான் பக்கத்தில் இருக்கவிட்டார்கள், பதில் பிடிக்காவிட்டால் பின்னுக்குத் தாராளமாக இடம் இருக்குது என்றார்கள். யோகமலருக்கு இடியப்பப் பெட்டி ஒன்று முன்னாலிருந்து கைமாறிக் கைமாறிப் போகும், வரிசைக்கு வரிசை திறந்து பார்த்து, சம்பல் நல்லாயிருக்குது என்பார்கள், கடைசியில் பெட்டி போய்ச் சேர்ந்திருக்கலாம். தில்லையம்பலமோ புது மாலையும் சந்தனப் பொட்டுமாக ஓடிக்கொண்டிருந்தார். மனைவி இல்லாத கவலை அவருக்கு மெய்யாகவே இருந்தது, அதைப் பொய் என்று சொல்லமுடியாது. ஆனால் விடிந்தால் வாசலில் ஆட்கள் காத்துக்கொண்டு நிற்பார்கள், தில்லை அண்ணையின் வானில்தான் பெண் வந்து இறங்கவேண்டும் என்று அடம்பிடிப்பார்கள், அந்தச் சந்தோசமும் மெய்யாகவே இருந்தது, இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு அவர் கியர் போட்டார்.

ஆவணியில் மகள் ஆரணி வந்து இறங்கினாள். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு வானில் ஏறி, பெல்ட் போடாமல், வரிசை வரிசையாகப் பின்னுக்கு நடந்தாள், எல்லாரும் வாகனம் ஓடுது பிள்ளை, இரு பிள்ளை என்று பிடித்துப் பிடித்து இருத்தினார்கள். அப்படி ஓரிடத்தில் திலகவதி அக்காவின் பக்கத்தில் இருக்கவேண்டி வந்தது. அம்மா ஏதும் சொல்லிவிட்டவாவோ என்று கேட்டாள். சொல்லிவிட்டவதான் என்றாள் திலகவதி, கொஞ்சமும் கூச்சப்படாமல்.

"முதல் கிழமையே சொல்லிவிட்டவ, தனக்கு இறங்கவேணும், வானை நிப்பாட்டச் சொல்லட்டாம் எண்டு. ஆனா பிள்ளை, நல்ல காரியத்துக்குப் போகேக்கை நிப்பாட்டு எண்ட சொல்லை எப்பிடி வாயாலை சொல்லுறது? அபசகுனமெல்லோ. திரும்பி வரேக்கை சொல்லுவம் எண்டு வைச்சிருந்தனான்."

திரும்பி வரும்போது தாலிகட்டின கையோடு பொம்பிளை மாப்பிள்ளை வாகனத்தில் இருந்தார்களாம், அப்போதும் சொல்லக்கூடாது. செத்தவீட்டுக்குப் போகும்போது செத்தவரை விட்டுவிட்டு உயிரோடு இருக்கிறவளின் கதையை எடுப்பது மரியாதையில்லை. கோயிலுக்குப் போகும்போது வாயில் சாமி பேரைத் தவிர வேறு வரக்கூடாது. இப்படி யோகமலர் சொல்லிவிட்ட சொல் பின்வரிசையிலிருந்து கிளம்பி ஒவ்வொரு நல்ல சனத்தின் மடியிலும் தங்கித் தங்கி, திலகவதியின் மடியில் வந்து நின்றுவிட்டது. திலகவதி கெட்ட மனுசி இல்லை, அதுதான் இதில் உள்ள கொடுமை.

ஆரணி வீட்டுக்கு வந்து தகப்பனிடம் சொன்னாள். இனி ஒரு புது ஆளையும் ஏற்றவேண்டாம் என்றாள், ஏறுகிற ஒவ்வொரு ஆளும் அம்மாவைப் பின்னுக்குத் தள்ளுது என்றாள். தில்லையம்பலம் தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டார். அவருக்கு அது விளங்கியது. விளங்கியும், வாற ஞாயிறு பஞ்சலிங்கத்தாருடைய மகனின் கலியாணம், வாக்குக் குடுத்திட்டன், அது ஒன்று முடியட்டும் என்றார்.

"அப்பா, அம்மாவை ஒருநாளாவது முன் சீற்றில இருத்தினீங்களோ?" என்று ஆரணி கேட்டாள்.

அவர் மூன்று வாகனத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். பிறகு, நீ என்ன சொல்லுறியோ அதைச் செய்வம் என்றார்.

அவள் சொன்னது இதுதான். நிறுத்திவைத்தால் சனம் இறங்கிவிடும், வரிசை மடங்கிவிடும், ஓடுகிறபோது மட்டும்தான் ஒருவரும் இறங்கமாட்டார்கள். ஆகவே கலியாணத்துக்குப் போகிறபோது, வான் ஓடிக்கொண்டிருக்க, பின்னுக்கு நடந்துபோய் அம்மாவைக் கூட்டிவரவேண்டும், அதுவும் அவர்தான் போகவேண்டும், வேறு யார் போனாலும் அம்மா இடம் விட்டுத் தள்ளிப்போவா, தன் மனிசன் அவவுக்கு விருந்தாளி இல்லையே. அதுவரை வானை ஆரணி ஓடுவாள். தில்லையம்பலத்தின் முகம் கறுத்துப்போனது. அந்த ஸ்ரியறிங்கை இதுவரை இன்னொரு கை தொட்டதில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் இருந்தார், மூன்றாம் நாள் வானின் திறப்பை எடுத்து மகளின் கையில் வைத்தார், வைத்த பிறகும் விரலை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை. சனம் ஏறியது. பஞ்சலிங்கம் முன்னிருக்கையில் இருந்துகொண்டு, பொம்பிளைப்பிள்ளை ஓடுறதோ என்று கேட்டார், ஆரணி கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். பெருந்தெருவில் ஏறியதும் தில்லையம்பலம் எழும்பி நடக்கத் தொடங்கினார். அண்ணை வாறார், அண்ணை வாறார் என்று சனம் கால்களை மடக்கி வழிவிட்டது. அவர் சமையல்காரர்களைத் தாண்டினார், சீட்டாடுகிறவர்களைத் தாண்டினார், முகம் தெரிந்தவர்களைத் தாண்டி முகம் தெரியாதவர்களுக்குள் வந்தார், ஒருநாள் ஏறி இறங்க மறந்துபோனவர்களைத் தாண்டினார், யன்னலுக்கு வெளியே ஒண்டாரியோவின் சோளக்காடுகள் போயின, அதற்கப்பால் வெறும் வெளிச்சம் போனது. நடக்க நடக்க அவருக்கு வெட்கம் வந்தது. இந்தத் தூரம் முழுக்க அவள் ஒவ்வொரு வரிசையாக எழும்பி எழும்பி நடந்த தூரம். யோகம், நான் ஒரு மாடு, என்னை மன்னிச்சுக்கொள்ளு என்று சொல்லவேண்டும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

அப்போது குரல் கேட்டது. "இஞ்சாருங்கோ."

அந்த வாகனத்தில் இருந்த கலியாணம் கட்டிய ஆம்பிளைகள் அத்தனை பேரும் திரும்பினார்கள், ஏனென்றால் யாழ்ப்பாணத்துப் பெண் தன் புருசனைக் கூப்பிடுகிற சொல் அந்த ஒன்றுதான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவருடைய ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஆனால் தில்லையம்பலத்துக்குத் தெரியும் அது யாருடைய குரல் என்று. நிமிர்ந்து பார்த்தார். ஐந்தாறு வரிசைக்கு அப்பால், தனியே, வைகாசியில் உடுத்திய அதே பச்சைச் சேலையோடு அவள் எழும்பி நின்றாள். மெலிந்திருந்தாள். பின்னுக்குப் போகவில்லை. முன்னாலிருந்த இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்தபடி ஓர் அடி முன்னுக்கு வைத்தாள். "வாறன், யோகம்" என்று அவர் கையை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்துத்தான், எங்கேயோ கண்காணாத் தூரத்தில், முன்னால், எஞ்சின் வீரிட்டது. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. அவருக்கு அந்த எஞ்சின் மூச்சுவிட்டாலும் கேட்கும். ஆரணி கியர்த்தடியை ஒரு படி தவறக் கீழே இழுத்துவிட்டாள், அப்படியே ஓடினால் கியர்ப்பெட்டி எரிந்துபோகும், அந்த வருடத்து மொடலுக்கு அந்தச் சாமான் இனி எங்கும் கிடைக்காது, இதெல்லாம் அவர் நினைக்கவில்லை, அவருடைய கால்கள் நினைத்தன. நீட்டிய கையை மடக்கினார்.

"ஒரு நிமிசம் யோகம், இதில நில்லு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார்.

"தில்லையம்பலம்" என்று பின்னாலிருந்து அவள் கூப்பிட்டாள்.

இந்தமுறை ஓர் ஆம்பிளையும் திரும்பவில்லை, எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவள் தன் வாழ்க்கையில் அதற்கு முன் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவருக்கு அது கேட்டது, கேட்கவில்லை என்று அவர் பிறகும் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டுக்கொண்டே ஓடினார், மடக்கிய கால்களில் இடறி, சீட்டுக் கடதாசிகளை மிதித்து, பலகாரத் தட்டத்தைத் தட்டிக்கொட்டி, மூச்சிரைக்க முன்னிருக்கைக்கு வந்து சேர்ந்தார்.

"எஞ்சினுக்கு என்ன செய்தனீ?" என்றார்.

"ஒண்டுமில்லை அப்பா, மேடு ஏறினது" என்றாள் ஆரணி. கண்ணாடியில் அவருக்குப் பின்னால் பார்த்தாள். "அம்மா எங்கை?"

அவர் குனிந்து கியரைப் பார்த்தார், சூடு காட்டுகிற முள்ளைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. திரும்பிப் போக எழும்பியபோது மண்டபம் வந்துவிட்டது, பஞ்சலிங்கம் நல்ல நேரம் தப்பப்போகுது என்று கதவைத் திறந்துவிட்டார், சனம் இறங்கியது, வரிசைகள் மடங்கின. ஆரணி திறப்பை இருக்கையில் வைத்துவிட்டு, கலியாணவீட்டுக்குள் போகாமல், தெருவைக் கடந்து பஸ் தரிப்பில் போய் நின்றாள்.

வான் இன்னும் ஓடுகிறது, யோகமலர் இன்னும் இறங்கவில்லை. ஸ்காபரோவில் அதில் போகாத தமிழ்க்குடும்பம் இல்லை. தில்லையம்பலம் முன்னிருக்கையில் இப்போது ஒருவரையும் ஏற்றுவதில்லை, அதில் ஒரு பச்சைத் துணியை விரித்து வெறுமையாக வைத்திருக்கிறார், பார்க்கிறவர்கள் எவ்வளவு அன்பான மனுசன் என்று சொல்கிறார்கள். வெயிலில் அந்தத் துணி வெளுத்துவிடாமல் இருக்க அவர் யன்னலுக்குத் திரை போட்டிருக்கிறார்.